பிடுங்காமல் விட்ட கொடிகள்

பரோசாவின் பழைய திராட்சைக் கொடிகளைக் குளிர்காலத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இலையும் குலையுமாக நிற்கும்போது எந்தக் கொடியும் இளமையாகத்தான் தெரியும். இலை உதிர்ந்தால்தான் வயது வெளியே வரும். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஜூலை குளிர்காலம். கவாத்து நடப்பதும் அப்போதுதான். அடிலெய்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு வந்தார். வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பேசிக்கொண்டே போனதில் தனுண்டா ஊர் வந்ததே தெரியவில்லை.

பரோசா பள்ளத்தாக்கு என்று பெயர் இருந்தாலும் இரு பக்கமும் செங்குத்தாக மலைகள் எழும் இடமல்ல அது. மெல்ல ஏறி இறங்கும் நிலம். நடுவே வடக்கு பாரா என்றொரு சிற்றாறு, கரையில் பெருத்த யூகலிப்டஸ் மரங்கள். கோடையில் காய்ந்து பழுப்பேறிப்போகும் தரை இப்போது பச்சை. வரிசைகளுக்கு இடையே புளியாரை இனத்து மஞ்சள் பூக்கள் அடர்ந்து கிடந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய களை அது. சில தோட்டங்களில் அதை மேய செம்மறி ஆடுகளை விட்டிருந்தார்கள். களையும் போகும், எருவும் விழும்.

கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேலே பந்தலில் படர்ந்த திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தோட்டங்கள் விளங்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும். பந்தல் இல்லை. மிகப் பழைய தோட்டங்கள் சிலவற்றில் கம்பிகூட இல்லை. இடுப்புயரத்தில் முறுக்கேறிய தண்டுகள் தனித்தனியே, தங்கள் காலிலேயே நிற்கின்றன. சொட்டுநீர்க் குழாயும் கண்ணில் படவில்லை. முழுக்க மானாவாரி. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில் பெய்துவிடும். வெயில் காலத்தில் கொடி தன் வேரை நம்பித்தான் பிழைக்க வேண்டும்.

நாங்கள் போன தோட்டத்தின் வாசலில், அனுமதியில்லாமல் உள்ளே வராதீர்கள் என்று பலகை மாட்டியிருந்தது. நான் வேலியை ஒட்டி நடக்கத் தொடங்கியதும் நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. அப்பிடியே உள்ளுக்க போகேலாது. சப்பாத்தைக் கழுவ வேணும்."

தோட்டக்காரர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபதைத் தாண்டியவர். முதலில் காலணியின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த மண்ணைப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்கச் சொன்னார். பிறகு குளோரின் கலந்த தண்ணீரில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே நின்றார். கடைசியாக எந்தத் திராட்சைத் தோட்டத்துக்குள் கால் வைத்தீர்கள், விக்டோரியா மாநிலத்துக்குப் போனீர்களா, எப்போது என்று வரிசையாகக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் பதில் சரியாக இல்லாவிட்டால் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருப்பார்.

அவர் பயப்படுவது ஃபைலாக்ஸெரா என்ற பூச்சிக்கு. அசுவினி இனத்துக்கு உறவு. வெறும் கண்ணுக்கு ஒரு மஞ்சள் புள்ளி அளவுதான் தெரியும். வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும். உறிஞ்சிய இடம் வீங்கி வெடிக்கும், அதன் வழியே அழுகல் நுழையும், சில ஆண்டுகளில் கொடி சாகும். வட அமெரிக்காவே அதன் தாயகம். அங்குள்ள காட்டுத் திராட்சை இனங்கள் அதோடு சேர்ந்தே வளர்ந்து தாக்குப்பிடிக்கப் பழகியவை. ஐரோப்பியத் திராட்சைக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1860-களில் கப்பலில் வந்த செடிகளோடு பூச்சி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. தெற்கே ரோன் ஆற்றுப் பகுதியில் தொடங்கிய சாவு, அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. கடைசியில் கிடைத்த ஒரே நிலையான வழி ஒட்டுக்கட்டுவது. அமெரிக்க இனத்து வேர்ச்செடியின் மேல் ஐரோப்பியக் குச்சியை ஒட்டி, நட்டதையெல்லாம் மறுபடி நட்டார்கள். இன்று உலகில் குடிக்கப்படும் ஒயினில் பெரும்பங்கு அப்படி அயல் வேரில் நிற்கும் கொடிகளிலிருந்து வருவது.

ஆஸ்திரேலியாவும் முழுதாகத் தப்பவில்லை. 1877-இல் விக்டோரியாவின் ஜீலாங் அருகே பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வட்டாரத்துக் கொடிகளைப் பிடுங்கி எறிய அரசு உத்தரவிட்டது. பக்கத்துக் காலனியான தெற்கு ஆஸ்திரேலியா இதைப் பார்த்து எச்சரிக்கையானது. 1899-இல் தனிச் சட்டமே போட்டு, பூச்சியைத் தடுக்க ஒரு வாரியத்தையும் அமைத்தது. வெளியிலிருந்து கொடியோ, குச்சியோ, மண் ஒட்டிய இயந்திரமோ தடையின்றி உள்ளே வர முடியாது. அந்த வாரியத்தின் வாரிசு அமைப்பு இன்றும் வேலை செய்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் தோட்டங்களில் இதுவரை அந்தப் பூச்சி நுழையவில்லை. விக்டோரியாவில் 2006-இல் யாரா பள்ளத்தாக்கில்கூட அது தென்பட்டது என்பதை நினைத்தால் தோட்டக்காரரின் கேள்விகள் ஏன் அவ்வளவு கறாராக இருந்தன என்று புரியும்.

இதில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இந்தப் பழைய தோட்டங்களில் நிற்கும் ஷிராஸ் திராட்சை ரோன் ஆற்றங்கரையைச் சேர்ந்தது. ஜேம்ஸ் பஸ்பி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1831-இல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் தோட்டம் தோட்டமாக அலைந்து, நூற்றுக்கணக்கான குச்சிகளைச் சேகரித்து சிட்னியின் தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். ரோன் கரையின் எர்மிதாஜ் குன்றுக்கும் அவர் போயிருந்தார். அவரைப் போன்றவர்கள் வழியாகவே பிரெஞ்சுக் கொடிகள் இந்தக் கண்டத்துக்கு வந்தன. முப்பது ஆண்டு கழித்துப் பூச்சி வந்து அங்கே தாய்த் தோட்டங்களைத் தின்றுவிட்டது. சொந்த வேரில் நிற்கும் மிகப் பழைய ஷிராஸைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று பிரெஞ்சுக்காரரே பரோசாவுக்கு விமானம் ஏற வேண்டும்.

காலணி காய்வதற்குள் தோட்டக்காரர் முன்னே நடந்துவிட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில், 1880-களில், நட்ட ஷிராஸ் அது. ஒரு கொடியருகே குந்தி உட்கார்ந்தேன். தண்டு என் தொடையைவிடப் பருமன். பட்டை நார் நாராக உரிந்து தொங்கியது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. தண்டு நடுவில் பிளந்திருந்தது. பிளவு வழியே அந்தப்பக்கத்து மஞ்சள் பூக்கள் தெரிந்தன. உள்மரம் செத்துப் பல காலமாகிச் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. ஒரே ஒரு பக்கத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, உயிருள்ள பட்டை தரையிலிருந்து கிளம்பித் தண்டைச் சுற்றி ஏறி ஒரு கிளைக்குப் போனது. அந்தக் கிளையில் போன கோடையில் வளர்ந்த குச்சிகள் வெளிர்பழுப்பாக, நேராக, என் கையளவு நீளத்தில் நின்றன. அவர் கத்தரியால் ஒன்றை வெட்டி வெட்டுவாயைக் காட்டினார். பட்டைக்கு அடியில் ஈரமான பச்சை வளையம்.

"இந்த இரண்டு விரல் போதும் அதற்கு," என்றார்.

ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு கண் விட்டு மீதியை வெட்டிக்கொண்டே போனார். பெரிய வெட்டு விழுந்த இடங்களில் உடனே ஒரு பூச்சைத் தடவினார். யூட்டைப்பா என்ற பூஞ்சை நோய்க்கு எதிரான ஏற்பாடு அது. மழையோடு பரவும் பூஞ்சை வித்துகள் வெட்டுக்காயத்தின் வழியே நுழைந்து, மரத்தை உள்ளிருந்து மெல்லக் கொல்லும். அதனால் மழை வரும் நாளில் கத்தரியை எடுக்கமாட்டார்களாம். நோய் பிடித்த கொடியைக் காப்பாற்ற வழி உண்டு. தண்டின் அடியில் முளைக்கும் ஒரு தளிரை விட்டு வளர்த்து, அது தேறியதும் மேலே உள்ள செத்த பகுதியை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வேர் நூறாண்டு பழையது, தலை புதியது. அப்படி ஒருமுறைக்கு மேல் தலை மாற்றிய கொடிகளும் அந்த வரிசையில் இருந்தன.

பட்டுப்போன இடத்தை நிரப்புவதுதான் இன்னும் அழகு. பக்கத்துக் கொடியின் நீண்ட குச்சி ஒன்றை வெட்டாமல் விட்டு, வளைத்து மண்ணுக்குள் புதைத்து, நுனியைக் காலி இடத்தில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். நாம் மல்லிகைக்குப் போடும் அதே மண்பதியன். புதைந்த இடத்தில் வேர் பிடிக்கும், தாய்க்கொடியின் சாறும் வரும். இளங்கன்றைத் தனியாக நட்டால் அது இந்த மானாவாரி நிலத்தில் பெரிய வேர்களோடு போட்டி போட்டுத் தேறாது. தாயோடு இணைந்திருப்பதால் தேறிவிடுகிறது. பூச்சி இருக்கும் நாடுகளில் இதைச் செய்ய முடியாது. புதிதாக வேர்விடுவது ஐரோப்பிய இனக் குச்சி என்பதால் அந்த வேரைப் பூச்சி தின்றுவிடும். 1899-இன் சட்டம் இந்த எளிய வேலைக்கும் இடம் வைத்திருக்கிறது.

பழைய கொடியைப் பற்றி எழுதுபவர்கள் ஆழமான வேர், இயற்கையின் வரம் என்றெல்லாம் எழுதுவார்கள். பூச்சி வராதது முக்கியம்தான். ஆனால் திராட்சைக் கொடியைப் பிடுங்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. டிராக்டரும் சங்கிலியும் இருந்தால் போதும். மகசூல் குறைந்த கொடியை வைத்திருப்பது விவசாயிக்கு நஷ்டம் என்று எல்லாக் காலத்திலும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும், கத்தரியோடு போன ஒருவர், 'இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்' என்று விட்டதால்தான் இவை நிற்கின்றன. அந்த மனிதர்கள் யார், ஏன் விட்டார்கள் என்பதுதான் நான் பரோசாவில் தேடியது.

அவர்கள் மதத்துக்காக வந்த ஜெர்மானியர்கள். பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃப்ரெடெரிக் வில்லியம் தன் நாட்டின் லூதரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கி, எல்லோருக்கும் ஒரே வழிபாட்டு நூலைத் திணித்தார். சைலீசியா, பிராண்டன்பர்க் கிராமங்களில் இருந்த பழைய லூதரன்கள் மறுத்தார்கள். போதகர்களுக்குச் சிறையும் மக்களுக்கு அபராதமும் கிடைத்தன. ஆகஸ்ட் காவெல் என்ற போதகர் லண்டனுக்குப் போய், ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற வணிகரைச் சந்தித்தார். புதிதாகத் தொடங்கியிருந்த தெற்கு ஆஸ்திரேலியக் காலனிக்கு உழைப்பாளிகள் தேவைப்பட்ட நேரம். ஆங்கஸ் கப்பல் செலவைக் கடனாகக் கொடுத்தார். 1838 இறுதியில் முதல் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1842-இல் பெத்தனி என்ற கிராமமும் அடுத்த ஆண்டு லாங்மைலும் பரோசாவில் உருவாயின. வாங்கிய கடனை வட்டியோடு அடைத்தார்கள்.

அந்த நிலம் காலியாக இருந்த நிலமல்ல. பெராமாங்க், ந்காஜூரி, கௌர்னா மக்கள் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த இடம். அடக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களின் கலப்பை பூமியைக் கீறியபோது வேறு மக்கள் தங்கள் பூமியை இழந்தார்கள். பழைய கொடிகளைப் போற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

பெத்தனியில் இன்றும் அவர்கள் நிலம் பிரித்த முறை தெரிகிறது. தெருவை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் ஓடை வரை நீளும் ஒடுங்கிய துண்டு நிலம். கோதுமை, காய்கறி, மாடு, பன்றி, கொஞ்சம் திராட்சை. எல்லாம் தன் வீட்டுக்காகவே முதலில். லாங்மைலில் கிறிஸ்டியன் ஆரிக்ட் என்ற கொல்லர் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகளில் ஒரு பகுதி இன்னும் காய்க்கிறது. அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு ஒயின் சாலையை 1996-இல் புதியவர்கள் வாங்கிச் சீரமைத்தபோதுதான் அந்தத் தோட்டமும் மீண்டது. இப்போது அதிலிருந்து எடுக்கும் ஒயினுக்கு 'விடுதலை 1843' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். அருகே லாங்மைல் தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் போதகர் காவெல் அடக்கமாகியிருக்கிறார்.

மொழியும் மதமும் இவர்களை ஒன்றாகக் கட்டிவைத்தன என்றால், முதல் உலகப் போர் அவர்களை எதிரிகளாக்கியது. 1917-இல் தெற்கு ஆஸ்திரேலியச் சட்டமன்றம் ஜெர்மன் ஊர்ப்பெயர்களை அழிக்கச் சட்டம் போட்டது. லாங்மைல் பில்யாரா ஆனது. க்னாடன்ஃப்ரை மரனாங்கா ஆனது. கைசர்ஷ்டூல் என்ற குன்றுக்கு ஆங்கிலேயத் தளபதி கிச்சனரின் பெயரே வைக்கப்பட்டது. ஊர்ப்பெயரை இழந்த மனிதன் நிலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான் என்று எனக்குத் தோன்றியது. தோட்டக்காரரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்பா வீட்டுக்குள்தான் ஜெர்மன் பேசுவார். வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டார்," என்று மட்டும் சொன்னார்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பரோசாவின் பிழைப்பு, பிராந்தி சேர்த்துச் செறிவூட்டிய இனிப்பு ஒயினில் நடந்தது. கிரெனாஷ், மட்டாரோ, ஷிராஸ் என்ற மூன்று சிவப்புத் திராட்சைகளும் அதற்குத் தோதானவை. இங்கிலாந்துக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போனது. அதனால் அந்தக் கொடிகளை யாரும் தொடவில்லை. 1970-களில் மக்களின் ரசனை மாறியது. வெள்ளை ஒயினுக்கு ஆள் கூடியது, சிவப்புத் திராட்சை தேங்கியது. 1980-களின் நடுவில், உபரியைக் குறைக்க, கொடிகளைப் பிடுங்குபவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. குறைந்த மகசூல் தரும் பழைய மானாவாரித் தோட்டங்கள்தான் முதலில் பலியாயின. நூறாண்டைத் தாண்டிய தண்டுகளைச் சங்கிலி கட்டி இழுத்துக் குவித்து எரித்தார்கள். பூச்சியால் முடியாததை ஒரு மானியத் திட்டம் செய்தது.

அந்த நாட்களில் எதிர்நீச்சல் போட்டவர்களில் பீட்டர் லேமனைச் சொல்லாமல் பரோசாவைப் பற்றி எழுத முடியாது. 1970-களின் கடைசியில் அவர் ஒரு ஒயின் சாலையின் தலைமைத் தயாரிப்பாளர். திராட்சை தேங்கிய ஆண்டில், விவசாயிகளிடம் கொள்முதலை நிறுத்தும்படி முதலாளிகள் உத்தரவிட்டார்கள். அந்த விவசாயிகளுக்கு அவர் கைகுலுக்கி வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கை மீற மனமில்லாமல் 1979-இல் தனியே நிறுவனம் தொடங்கி, அவர்களுடைய திராட்சையை வாங்கினார். விற்குமா விற்காதா என்று தெரியாத சூதாட்டம் அது. நிறுவனத்துக்கு ஒரு இசைநாடகத்தில் வரும் சூதாடியின் பெயரையே, மாஸ்டர்சன் என்று, வைத்தார். அறுவடைக் காலத்தில் எடைமேடை அருகே உட்கார்ந்து, லாரியோடு வரும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பாராம். 2013-இல் அவர் இறந்தபோது பரோசாவின் மனிதர் இறந்துவிட்டார் என்றே ஊர் பேசியது. ராபர்ட் ஓகாலகன் 1984-இல் தொடங்கிய ராக்ஃபோர்ட், செயின்ட் ஹாலெட், சார்லஸ் மெல்டன் போன்ற சிறு தயாரிப்பாளர்களும் பழைய கொடிக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். அந்த விலை போய்ச் சேர்ந்த தோட்டங்கள் தப்பின.

சோகமும் ஆறுதலும் கலந்த இந்தக் கதையின் விளைவு 2009-இல் வந்த பரோசா பழங்கொடிச் சாசனம். 35 ஆண்டைத் தாண்டியது பழையது. 70-ஐத் தாண்டியது பிழைத்திருப்பது. நூறைத் தாண்டியது நூற்றாண்டுக் கொடி. 125-ஐத் தாண்டியது மூதாதை. இப்படி நான்கு படிகள். ஒவ்வொரு தோட்டமும் நட்ட ஆண்டோடு பதிவாகிறது. 2012-இல், பள்ளத்தாக்கின் விளைநிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. அதற்கு முன்பு வீட்டுமனைக்குப் போகவிருந்த ஒரு பழைய ஷிராஸ் தோட்டத்தின் சில வரிசைகளை லாங்மைல் ஒயின் சாலைக்காரர்கள் வேரோடு தோண்டி எடுத்து ஆற்றங்கரையில் மறுநடவு செய்தார்கள். நூறாண்டுக் கொடி பிழைக்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பிழைத்தது. அநாதைக் கரை என்ற பொருள்படும் பெயரில் அதன் ஒயின் வருகிறது.

சரி, பழைய கொடியின் ஒயின் உண்மையிலேயே மேலானதா? இதைக் கேட்காமல் திரும்பினால் பயணமே வீண். தோட்டக்காரர் தன் தகரக் கொட்டகையில் இரண்டு பீப்பாய்களைத் திறந்தார். இரண்டும் அந்த ஆண்டின் ஷிராஸ், ஒரே மண், ஒரே வாரத்தில் பறித்தது. ஒன்று 1880-களின் கொடி, இன்னொன்று அதன் குச்சியையே எடுத்துப் பக்கத்தில் நட்ட இளங்கொடி. கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிக் கோப்பையில் விட்டார். இளங்கொடியின் ஒயின்தான் முதலில் மனதைக் கவர்ந்தது. பழமணம் தூக்கலாக, நாவற்பழமும் பிளம்ஸுமாக வாயை நிறைத்தது. பழையது அமைதியாகத் தொடங்கியது. விழுங்கிய பிறகுதான் வேலையைக் காட்டியது. புளிப்பு, துவர்ப்பு, மெல்லிய மிளகுக் காரம் எல்லாம் ஒன்றையொன்று தள்ளாமல் வெகுநேரம் நாக்கில் நின்றன. மிளகு என்பது கற்பனை இல்லை. ஷிராஸில் மிளகு மணம் தருவது ரோட்டண்டோன் என்ற பொருள். அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தார் 2008-இல் இதை வெளியிட்டார்கள். நாம் ரசத்துக்குப் பொடிக்கும் மிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். குளிர்ச்சியான இடங்களில் விளையும் ஷிராஸில் அது கூடுதலாக இருக்கும்.

வயதுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதில் வாதம் ஓயவில்லை. பெருத்த தண்டிலும் வேரிலும் மாவுச்சத்து சேமிப்பாக இருப்பதால் வறண்ட ஆண்டிலும் ஈர ஆண்டிலும் பழைய கொடி அதிகம் தடுமாறாது என்பது விவசாயிகள் எல்லோரும் சொல்வது. எனக்கு இன்னொன்றும் படுகிறது. மோசமான இடத்தில் நட்ட கொடிகள் எப்போதோ பிடுங்கப்பட்டிருக்கும். நல்ல ஒயின் கொடுத்ததால்தான் இவற்றை விட்டுவைத்தார்கள். ஆகவே வயது சுவையைத் தந்தது என்பதைப் போலவே, சுவை வயதைத் தந்தது என்பதும் உண்மையாக இருக்கும்.

மறுநாள் கிழக்கே மேட்டுப்பகுதியான ஈடன் பள்ளத்தாக்குக்குப் போனோம். க்னாடன்பெர்க் தேவாலயத்துக்கு எதிரே, சாலையோரத்தில், ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டம். உலகின் விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று பிறக்கும் இடம் என்று சொன்னால் நம்ப முடியாத எளிமை. வேலி, புல், கொடிகள், சின்னத் தேவாலயம். மிகப் பழைய கொடிகள் 1860 வாக்கில் நடப்பட்டவை. சிரில் ஹென்ஷ்கி 1958-இல்தான் இந்தத் தோட்டத்தின் திராட்சையைத் தனி ஒயினாக்கினார். இப்போது ஸ்டீஃபன் ஒயினையும் அவர் மனைவி புரூ தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். தாவரவியல் படித்த புரூ, பழைய கொடிகளில் சிறந்தவற்றை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, அவற்றின் குச்சிகளிலிருந்து அடுத்த தலைமுறையை நட்டிருக்கிறார். தரம் சரியில்லை என்று 2000-ஆம் ஆண்டும் 2011-ஆம் ஆண்டும் இந்த ஒயினை அவர்கள் வெளியிடவே இல்லை. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். அதற்கு மேல் கேட்பது முறையல்ல.

திரும்பும் வழியில் செப்பல்ட்ஸ்ஃபீல்டு ஒயின் சாலை. பெருமந்த காலத்தில், வேலை இல்லாமல் போன தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பாமல், செப்பல்ட் குடும்பம் அவர்களைக் கொண்டு சாலையோரமெங்கும் பேரீச்சை நட வைத்தது. இன்று 2,000-க்கும் மேல் நிற்கின்றன. இங்கே பழையது கொடி அல்ல, ஒயின். 1878-இல் பென்னோ செப்பல்ட் ஒரு பீப்பாயில் தன் சிறந்த செறிவூட்டிய ஒயினை நிரப்பி, நூறு ஆண்டு திறக்கக் கூடாது என்றார். 1978-இல் திறந்தார்கள். இடையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பீப்பாய் வைத்துக்கொண்டே வந்ததால், ஒவ்வோர் ஆண்டும் நூறாண்டு ஒயின் ஒன்று வெளிவருகிறது. இரண்டு உலகப் போர், பெருமந்தம், கைமாறிய உரிமை எதிலும் வரிசை அறுபடவில்லை. பார்வையாளர்கள் தங்கள் பிறந்த ஆண்டின் பீப்பாயிலிருந்து சுவைக்கலாம். எனக்குக் கிடைத்தது கரும்பழுப்பாக, கோப்பையைச் சாய்த்தால் கண்ணாடியில் படிந்து மெதுவாக இறங்கியது. ஒரு மடக்கின் சுவை அரை மணி நேரம் வாயில் இருந்தது.

இப்போது மறுபடி சிவப்புத் திராட்சை தேங்குகிறது. சீனா 2021-இல் ஆஸ்திரேலிய ஒயினுக்கு 218 சதவீதம் வரை வரி போட்டதும் மிகப் பெரிய சந்தை மூடியது. 2024 மார்ச்சில் வரி நீங்கினாலும் பழைய அளவு விற்பனை திரும்பவில்லை. உலகெங்கும் மக்கள் முன்பைவிடக் குறைவாக ஒயின் குடிக்கிறார்கள். வறட்சி வேறு. தோட்டக்காரரின் நிலத்துக்கு எதிரே ஒரு தோட்டம் பிடுங்கிக் குவிக்கப்பட்டிருந்தது. நடுத்தர வயதுக் கொடிகள்தான், அவ்வளவு பழையவை அல்ல.

"என் அப்பா காலத்தில் அரசாங்கம் பிடுங்கச் சொன்னது," என்றார் அவர். "இப்போது யாரும் வந்து சொல்லவில்லை. விலை சொல்கிறது."

உங்களுடையவை?

"எனக்கு ஏக்கருக்கு ஒரு டன்கூட வராது. வாங்குகிறவர் சின்ன ஆள். அடுத்த ஆண்டுக்கும் இதே விலை தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அது போதும், கவாத்து செய்கிறேன்."

ஒயின் வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லேபிளில் பழைய கொடி என்று அச்சிடுவதற்கு ஆஸ்திரேலியச் சட்டம் எந்த வயதையும் வரையறுக்கவில்லை. சாசனத்தின் நான்கு படிகளும் விவசாயிகளும் தயாரிப்பாளர்களும் தாங்களாக ஏற்றுக்கொண்டவை. ஆகவே நட்ட ஆண்டைக் கேளுங்கள். நாணயமான தயாரிப்பாளர் ஆண்டையும் சொல்வார், தோட்டம் எந்தச் சாலையில் இருக்கிறது என்றும் சொல்வார். விலை கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதலில் எவ்வளவு விவசாயிக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பரோசாவில் அதற்குப் பதில் சொல்ல யாரும் தயங்கியதை நான் பார்க்கவில்லை.